இரண்டு நார்மன்கள்: 1960-இன் 'சைக்கோ'வும் 1998-இன் 'சைக்கோ'வும்

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1960-இல் எடுத்த 'சைக்கோ' என்ற திகில் படத்தை, ஜோசப் ஸ்டெஃபானோவின் அதே திரைக்கதையைக் கொண்டு, ஏறக்குறைய காட்சிக்குக் காட்சி, கோணத்துக்குக் கோணம், 1998-இல் வண்ணத்தில் மறுபடி எடுத்தார் கஸ் வான் சாண்ட். கதையும் வசனமும் ஒன்றாகவே இருப்பதால், இரண்டுக்கும் இடையே மாறியவை எவை, அவற்றால் படம் அடைந்தது என்ன, இழந்தது என்ன என்று துல்லியமாகப் பார்க்க இதைவிட நல்ல இணை கிடைக்காது.

கீழக்கரையில் நண்பர்கள் சிலராக இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தோம். இளையவர்கள் பலர் வண்ணப் படத்தின் பக்கம் நின்றார்கள். அவர்கள் பேச்சிலும் நியாயம் இருந்தது. கதாநாயகி மேரியன் திருடும் 40,000 டாலர் புதிய படத்தில் 4,00,000 ஆனதால், அந்தக் குற்றத்தின் கனம் இன்றைய பார்வையாளருக்கும் உறைக்கிறது. ஃபீனிக்ஸ் நகரத்தின் மேலே பறந்துவந்து ஒரு ஜன்னலுக்குள் நுழையும் தொடக்கக் காட்சியை ஒரே ஓட்டமாக எடுக்க ஹிட்ச்காக் விரும்பியும் அன்றைய கருவிகள் இடம் கொடுக்கவில்லை. வான் சாண்ட் அதை நிறைவேற்றிக் காட்டினார். பெர்னார்ட் ஹெர்மனின் இசையையும் அவர் கைவிடவில்லை. தந்திக் கருவிகளை மட்டுமே கொண்டு எழுதப்பட்ட அந்த இசையை, டேனி எல்ஃப்மன் மேற்பார்வையில் புதிதாக ஒலிப்பதிவு செய்து பயன்படுத்தினார்.

வழியில் ஒரு விடுதியில் தங்கும் மேரியன் கொல்லப்படும் குளியலறைக் காட்சியில்தான் பிசகு தொடங்குகிறது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான அந்தக் காட்சியை ஹிட்ச்காக் ஏறத்தாழ ஒரு வாரம் எடுத்தார். ரத்தத்துக்குச் சாக்லேட் பாகைப் பயன்படுத்தினார். கறுப்பு வெள்ளையில் கத்தியும் முகமும் தண்ணீரும் மாறிமாறி வெட்டப்படுவதால், கத்தி இறங்குவதை நாமே மனத்தில் இட்டு நிரப்பிக்கொள்கிறோம். வண்ணத்தில் வெள்ளை ஓட்டின் மீது சிவப்பு வழிகிறபோது அந்த வேலை நமக்கு இல்லாமல் போகிறது. இதற்கிடையே வான் சாண்ட் மேகங்கள் திரளும் படத்துண்டுகளையும் செருகியிருக்கிறார். கொலையின் நடுவே நம் கண்ணை வெளியே இழுத்துப்போவதைத் தவிர அவற்றால் எந்தப் பயனும் இல்லை.

இருப்பினும் என் தீர்ப்பு, அந்த விடுதியை நடத்தும் இளைஞன் நார்மன் பேட்ஸைப் பொறுத்தே அமைகிறது. பழைய படத்தில் நார்மனாக நடித்த ஆண்டனி பெர்கின்ஸ் ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள, வந்தவளுக்குப் பரிவோடு உணவு கொண்டுவந்து வைக்கும் பிள்ளையாகவே நமக்கு அறிமுகமாகிறார். மேரியனின் காரைச் சேற்றுக்குட்டையில் அமிழ்த்தும் காட்சியைக் கவனியுங்கள். அவர் எதையோ கொறித்துக்கொண்டு நிற்கிறார். கார் பாதியில் நின்றுவிடுகிறது. வாய் அசைவது நிற்கிறது. பறவையைப்போலத் தலையைத் திருப்பி இப்புறமும் அப்புறமும் பார்க்கிறார். அந்தச் சில நொடிகளில், கார் முழுவதும் அமிழ்ந்துவிட வேண்டுமே என்று நாம் பதறுகிறோம். கொலையை மறைப்பவனுக்காக நம்மை இரங்க வைத்ததே இப்படத்தின் மகத்தான சாதனை. புதிய படத்தின் நார்மனான வின்ஸ் வானும் அதே குட்டையின் கரையில் நிற்கிறார். ஆனால் அகன்ற தோளும், இடமில்லாத இடத்தில் எழும் சிரிப்பும் முதலிலேயே 'இவனிடம் எச்சரிக்கையாக இரு' என்று சொல்லிவிடுவதால், நமக்கு அந்தப் பதற்றம் எழவே இல்லை. சுவர்த் துளை வழியே மேரியனை நார்மன் எட்டிப்பார்க்கும்போது என்ன செய்கிறான் என்பதைப் புதிய படம் ஒலியாலேயே உடைத்துச் சொல்லிவிடுகிறது. பழைய படத்தில் அது ஒரு கண்ணின் அண்மைக் காட்சியோடு நின்றுவிடுகிறது.

இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு இது நடிப்பைப் பற்றிய பேச்சு மட்டும் அல்ல. கீழக்கரைக்கு அருகில்தான் ஏர்வாடி இருக்கிறது. மனநலம் குன்றிய மகனையோ மகளையோ குணம் வேண்டித் தர்காவுக்கு அழைத்துவரும் குடும்பங்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்பமுடியாமல் சிக்கி 28 பேர் உயிரிழந்தார்கள். மனநோயாளியைக் கொலைகாரனாகக் காட்டியது இரண்டு படங்களுக்கும் பொதுவான குறை. அதில் ஹிட்ச்காக்குக்கும் நான் விலக்கு அளிக்கமாட்டேன். இறுதியில் மருத்துவர் வந்து நீளமாக விளக்கும் காட்சியும் இரண்டிலுமே சப்பென்றுதான் இருக்கிறது. ஆனாலும் பெர்கின்ஸின் நார்மன் ஒரு வீட்டுப் பிள்ளை. அவன் படும் பாடு முகத்தில் தெரிகிறது. வின்ஸ் வானின் நார்மனோ ஒதுங்கிப் போகவேண்டிய அந்நியனாகவே கடைசிவரை இருக்கிறான்.

ஒன்றை மட்டும் பார்க்க நேரமுள்ளவர்கள் 1960-இன் படத்தையே பாருங்கள். படம் எடுக்கக் கற்றுக்கொள்பவர்கள் மட்டும், பாடம்செய்த பறவைகளுக்கு நடுவே நார்மனும் மேரியனும் உட்கார்ந்து பேசும் காட்சியை இரண்டிலும் அடுத்தடுத்து, முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது.