முக்கோண ஃபிரேமா, ஏணி ஃபிரேமா?

சுமை தூக்க முதுகுல மாட்டுற மர ஃபிரேம் ரெண்டு விதமா கட்டிப் பாத்துட்டேன், ராய்கிராஃப்ட்னு சொல்ற முக்கோணம் ஒண்ணு, ஏணி மாதிரி நீள்சதுரம் ஒண்ணு. இங்க சிங்கப்பூர்ல பார்க்குல, காட்டுல எல்லாம் குச்சி வெட்டக்கூடாது, ஃபைன் தீட்டிருவாங்க, அதனால தேக்கா ஏரியாவுல மூங்கிலும் சணல் கயிறும் வாங்கி புளோக் காரிடார்லயே உக்காந்து கட்டுனது.

முக்கோணத்துக்கு மூணே குச்சி. அக்குள்லேர்ந்து விரல் நுனி வரை நீளத்துல ரெண்டு, முழங்கைலேர்ந்து விரல் நுனி வரை ஒண்ணு, மூணு மூலையில கட்டு, அவ்ளோதான். ஏணிக்கு ரெண்டு நெட்டு, நாலு குறுக்கு, ஆக எட்டு இடத்துல ஸ்குவேர் லாஷிங், அதாவது குறுக்கா வர்ற ரெண்டு குச்சிய சேத்துக் கட்டுற கட்டு, ஒவ்வொண்ணுக்கும் க்ளோவ் ஹிட்ச்னு ஒரு முடிச்சு போட்டு மூணு சுத்து சுத்தி, அப்புறம் ரெண்டு குச்சிக்கும் நடுவுல கயித்த விட்டு ரெண்டு சுத்து இறுக்கணும், அந்தக் கடைசி இறுக்கல்லதான் நான் சோம்பேறித்தனம் பண்ணேன், மூங்கில் வேற வழவழன்னு இருக்கா, உபின் தீவுல பாதி வழியில குறுக்குக் குச்சி நழுவி இடுப்புல குத்திருச்சு. முக்கோணம் கட்டு கொஞ்சம் லூஸானாலும் சாயாது, ஏணிக்கு கோணலா இன்னொரு குச்சி கட்டுனாத்தான் நிக்கும்.

ஆனா டென்ட், தண்ணி கேன்னு பெரிய சுமைக்கு ஏணிதான், கட்டி வைக்க இடம் நிறைய. ஒருநாள் நடைக்கு என் ஓட்டு முக்கோணத்துக்கே. ரெண்டுக்குமே பாராகார்டுங்கிற மெல்லிசு நைலான் கயிறு வேணாம், நைலான் நனைஞ்சா நீளும், நம்ம ஊர் மழைக்கும் வேர்வைக்கும் நனையாம இருக்குமா என்ன!