உலக பி.ஆர். நெட்வொர்க்கில் ஒரு மதுரை ஏஜென்சி: சில வருட அனுபவம்

மதுரை கே.கே. நகரில் சின்னதாக ஒரு பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஏஜென்சி நடத்துகிறோம். ஜவுளி, பூ, மசாலா, மருத்துவமனை என்று கலந்துகட்டிய கிளையண்டுகள். சில வருடங்களுக்கு முன்பு, சுயேச்சை ஏஜென்சிகள் கூடி நடத்தும் சர்வதேச நெட்வொர்க் ஒன்றில் சேர்ந்தோம். “நாங்களும் சேரலாமா?” என்று திருச்சி, கோவைப் பக்கமிருந்து அடிக்கடி போன் வருகிறது. அவர்களுக்காகத்தான் இது. குறைகளும் சொல்லப்போவதால் எங்கள் நெட்வொர்க்கின் பெயர் வேண்டாம்.

இந்த ஏற்பாடு ஒன்றும் புதிதில்லை. பி.ஆர்.ஓ.ஐ. என்ற நெட்வொர்க் 1970-இல் தொடங்கியது. ஐபிரெக்ஸ் 1983, வேர்ல்ட்காம் 1988, பி.ஆர்.ஜி.என். 1992. பொதுவாக ஒரு சந்தைக்கு ஓர் ஏஜென்சி. எல்லாமே அந்தந்த ஊரில் முதலாளியே உட்கார்ந்து நடத்தும் கடைகள். ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும், வருடாந்திரக் கூட்டத்துக்குப் போக வேண்டும். நம் கிளையண்டுக்கு பாரிஸில் வேலை இருந்தால் பாரிஸ்காரர் செய்வார், அவர் கிளையண்டுக்கு இங்கே வேலை இருந்தால் நாம் செய்வோம்.

சேர்ந்தால் வெளிநாட்டு வேலை கொட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எங்கள் நெட்வொர்க்கில் இந்தியாவுக்கு முழு உறுப்பினர் ஒரு மும்பை ஏஜென்சி. நாங்கள் துணை உறுப்பினர். இந்தியா என்று எது வந்தாலும் முதலில் மும்பையில்தான் இறங்கும், அங்கே மிஞ்சியதுதான் வைகைக் கரைக்கு வரும். ராஜபாளையம் நூற்பாலைகளுக்கு இயந்திரம் விற்க வந்த ஒரு ஜெர்மன் கம்பெனியின் வேலை அப்படி வந்ததுதான். நல்ல வேலை, நல்ல காசு. ஆனால் அதை நம்பி சந்தா கட்ட முடியாது.

அப்புறம் ஏன் வருடாவருடம் கட்டுகிறோம்? வெளியே போகும் வேலைக்காக. நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு ஒரு கிளையண்ட் இருக்கிறார், மல்லிகைச் சாறு எடுப்பவர். பூவை ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து எடுக்கும் மெழுகை இந்தத் தொழிலில் கான்கிரீட் என்பார்கள். அதை ஆல்கஹாலில் கரைத்துப் பிரித்தால் அப்சல்யூட். வாசனைத் திரவியக் கம்பெனிகள் வாங்குவது இதைத்தான். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை வைத்து பிரெஞ்சுப் பத்திரிகைகளில் பெரிய கட்டுரை வர வேண்டும் என்பது அவர் ஆசை. பணம் செலவழிக்கவும் தயார்.

பாரிஸ் பார்ட்னர் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு நாலு இடத்துக்கு மெயில் தட்டிவிட்டு அறிக்கை அனுப்பியிருக்கலாம். அந்த அம்மா வேண்டாம் என்றார். பிரான்ஸின் கிராஸ் நகரத்து வாசனைத் திரவியக் கலை 2018-இலேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது, பாரம்பரியப் பெருமையில் அவர்களோடு அவர்கள் ஊரிலேயே போட்டி போடாதீர்கள் என்றார். பிரெஞ்சு நிருபர்கள் கேட்கப்போவது பூவை யார் பறிக்கிறார்கள், கிலோவுக்கு என்ன கூலி என்றுதான், அதற்குப் பதில் இருந்தால் வாருங்கள் என்றார். எங்கள் கிளையண்டுக்குக் கோபம். “என்ன தம்பி, காசு கொடுக்கிறேன்னு சொல்லியும் மாட்டேங்குறாங்க?”

2024 மே மாதம் எகிப்து மல்லிகைத் தோட்டங்களில் குழந்தைகள் பூப்பறிப்பதை பிபிசி வெளியிட்டது. பெரிய பெரிய பிராண்டுகளின் பெயர்கள் அடிபட்டன. அடுத்த சில நாட்களில் பாரிஸிலிருந்து போன்: உங்கள் ஆளிடமும் கேட்பார்கள், இப்போதே தயாராகுங்கள். இங்கே சிக்கல் என்னவென்றால், பூ பெரும்பாலும் கமிஷன் கடை வழியாகத்தான் வருகிறது. எந்தத் தோட்டத்துப் பூ, யார் பறித்தது என்று ஆலைக்காரருக்கே தெரியாது. வேறு வழியின்றிச் சில கிராமங்களில் விவசாயிகளிடம் நேரடியாக வாங்க ஆரம்பித்தார். எடைச்சீட்டு, கூலிக் கணக்கு எல்லாம் தேதிவாரியாகச் சேர்ந்தது. வாங்குபவர்களிடமிருந்து கேள்வித்தாள் வந்தபோது நீட்டுவதற்குக் காகிதம் இருந்தது. பத்திரிகையில் ஒரு வரிகூட வரவில்லை. ஆனாலும் இத்தனை வருடச் சந்தாவுக்கு இந்த ஒரு போன் போதும் என்பேன்.

இனி எரிச்சல்கள். முதலாவது, அறிக்கை. பத்திரிகையில் வந்த செய்தியை விளம்பரக் கட்டணத்தில் பெருக்கி “இத்தனை லட்சம் மதிப்பு” என்று காட்டும் பழக்கத்தை 2010 பார்சிலோனா கோட்பாடுகள் நிராகரித்தன. நெட்வொர்க்கும் அதைக் கண்டிப்பாகத் தடுக்கிறது. எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் தெற்கு மாசி வீதிக் கடைக்காரர் ஸ்கேலை எடுத்துச் செய்தியை அளந்து பார்ப்பவர். அவருக்கு ஓர் அறிக்கை, நெட்வொர்க்குக்கு ஓர் அறிக்கை என்று இரட்டை வேலை.

பிரஸ் மீட் கவர் விஷயமும் அப்படித்தான். நிருபருக்குப் பணமோ பரிசோ கொடுப்பதில்லை என்று வருடாவருடம் கையெழுத்துப் போடுகிறோம். இதைக் காட்டி உள்ளூர் கிளையண்டுகளிடம் “எங்களால் முடியாது” என்று சொல்ல முடிவது எனக்குப் பெரிய நிம்மதி. சில கிளையண்டுகள் இதனாலேயே போய்விட்டார்கள். போகட்டும்.

பணம்தான் உண்மையான தலைவலி. ஒரு பார்ட்னர் ஏஜென்சி, நாடு வேண்டாம், வேலை முடிந்து மாதக்கணக்கில் இழுத்தடித்தது. நெட்வொர்க் தலைமையகம் “நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்று ஒதுங்கிக்கொண்டது. வெளிநாட்டுப் பார்ட்னருக்கு நாம் அனுப்புவதென்றால் ஆடிட்டரைப் பிடித்து டி.டி.எஸ். (வரிப் பிடித்தம்) பார்க்க வேண்டும், வருமான வரிப் படிவங்கள் வேறு. வரும் பணத்துக்கு எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் போட்டிருந்தால் சேவை ஏற்றுமதியாகக் காட்டி ஜி.எஸ்.டி. கட்டாமல் தப்பலாம். ஆனால் வெறும் பரிந்துரைக் கமிஷனை இடைத்தரகு என்று கணக்கிட்டு 18% கட்டச் சொன்னார் எங்கள் ஆடிட்டர். அந்த விதியை நீக்கச் சொல்லி 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் பரிந்துரைத்தது. இன்றைய நிலையை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு பில் போடுங்கள்.

இன்னொன்று: ஐரோப்பியப் பார்ட்னர்களிடம் நிருபர்களின் போன், மெயில் பட்டியலைக் கேட்காதீர்கள். 2018 மே முதல் ஜி.டி.பி.ஆர். என்ற ஐரோப்பியத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அமலில் இருக்கிறது, தர மாட்டார்கள். கேட்டால் நம்மைப் பற்றித்தான் தப்பாக நினைப்பார்கள்.

ஏற்றுமதி செய்யும் கிளையண்ட் ஒருவராவது இல்லாமல் சேர்வது வீண். இருந்தால், சேருமுன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: இந்தியாவிலிருந்து வேறு யார் உறுப்பினர், வேலை யாருக்கு முதலில் போகும், பணம் நின்றுபோனால் தலைமையகம் என்ன செய்யும். மூன்றாவதை இந்த வருடப் புதுப்பிப்பின்போது நாங்கள் கேட்டோம். ஒப்பந்தத்தில் அறுபது நாள் கெடு சேர்த்திருக்கிறார்கள்.