டர்பனுக்கு எந்த மாதிரி மாநகராட்சி அலுவலகம் சரிப்படும்?

மாநகராட்சிப் பணியாளர்களுக்குப் புது அலுவலகம் என்றதும் தென்னாப்பிரிக்காவின் கடலோரத்தில் இருக்கும் நம் டர்பனில் முதலில் வரைவது கண்ணாடிப் பெட்டி மாதிரிக் கட்டடத்தைத்தான். நான் அதை வேண்டாம் என்கிற கட்சி. ஆனால் அதற்குப் பதிலாக எது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள்.

கண்ணாடிப் பெட்டியை முதலில் முடித்துவிடலாம். ஜன்னல் திறக்காது, மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே ஏசி. 2023-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது அப்படி ஒரு கட்டணக் கூடத்தில் வரிசையில் நின்றேன்; ஜெனரேட்டரில் விளக்கு எரிந்தது, ஏசி ஓடவில்லை, புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து பஸ் ஏறி வந்த பாட்டிமார் தண்ணீர் பில்லையே விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தார்கள், கவுண்டருக்கு உள்ளே இருந்த பெண்ணுக்கோ திறந்துவிட ஒரு ஜன்னல்கூட இல்லை. கரண்ட் இருக்கும் நாளில் அதே பெண் நம் கோடையான பிப்ரவரி வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார்.

அடுத்தது இரவுக் குளிர்ச்சியை நம்பும் கட்டடம். கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ் 1996-ல் ஜிம்பாப்வேயின் ஹராரேயில் ஈஸ்ட்கேட் என்ற அலுவலக, கடை வளாகத்தைக் கட்டினார். அப்புறம் மெல்பர்ன் மாநகராட்சி தன் பணியாளர்களுக்காகவே 2006-ல் திறந்த கவுன்சில் ஹவுஸ் 2-இலும் அவர் பங்கு பெரியது. ராத்திரிக் காற்றை உள்ளே விட்டுக் கான்கிரீட்டைக் குளிர வைத்தால் பகலில் அது அறையின் சூட்டை வாங்கிக்கொள்ளும், இதுதான் சூட்சுமம். அருமையான யோசனை, அந்த ஊர்களுக்கு. ஹராரே ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரவு நன்றாகக் குளிரும். டர்பனில் ஜனவரி ராத்திரி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? புழுக்கம் விடியும்வரை போகாது, கான்கிரீட் எங்கே குளிரும்? மெல்பர்ன் கட்டடத்தின் மேற்குப் பக்கம் வெயிலுக்கேற்ப நகரும் மரத்தடுப்புகளும் எனக்குப் பிடிக்கும்தான், ஆனால் மோட்டாரில் நகரும் எதையும் நம் கடற்கரை உப்புக்காற்று சீக்கிரம் அரித்துவிடும்.

எனக்குச் சரியாகப் படுவது மூன்றாவது வழி. அதற்கு முன்மாதிரி இந்தியப் பெருங்கடலின் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், சென் பியேர் ஊரில் இருக்கும் எனர்போஸ். அது கல்லூரிக் கட்டடம் என்றாலும் அலுவலக அறைகளும் உண்டு. கட்டடம் ஒல்லி, இரண்டு பக்கமும் சாய்த்துத் திறக்கும் பட்டைகள் கொண்ட லூவர் ஜன்னல், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும், மேலே சீலிங் ஃபேன், கூரையில் சோலார். தான் செலவழிப்பதைவிடப் பல மடங்கு மின்சாரம் தயாரிக்கிறது. அங்கேயும் நம்மைப் போலவே இந்தியப் பெருங்கடல் ஈரக்காற்றுதான், அதனால்தான் இந்த ஒப்பீடு நிற்கிறது. ஃபேன் காற்று உடம்பில் பட்டாலே இரண்டு மூன்று டிகிரி குறைந்த மாதிரி இருக்கும். ஒரு ஃபேனுக்கு 60, 70 வாட் போதும், மின்வெட்டில் பேட்டரியிலேயே ஓட்டலாம்.

டர்பனில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வரும். பூமத்தியரேகைக்குத் தெற்கே இருப்பதால் நமக்கு வெயில் வடக்கே. ஆகவே நீளப்பக்கத்தை வடக்கு பார்த்துக் கொஞ்சம் கிழக்கே திருப்பி, ஆழமாகத் தாழ்வாரம் இறக்கினால் நிழலும் காற்றும் சேர்ந்தே கிடைக்கும். மேற்குச் சுவரில் ஜன்னலே வேண்டாம், மாடிப்படியையும் கழிவறையையும் அங்கே தள்ளிவிடலாம்.

குறை இல்லாமல் இல்லை. சாய்ந்தடிக்கும் மழையில் லூவரை மூடத்தான் வேண்டும், தெருச் சத்தமும் உள்ளே வரும். சர்வர் அறைக்கும் மன்றக் கூட்ட அறைக்கும் தனி ஏசி கட்டாயம். அதை நான் மறுக்கவில்லை, மொத்தக் கட்டடத்தையும் அதற்கு அடிமையாக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

மாற்றி அமைப்பதிலும் இந்த ஒல்லிக் கட்டடமே முந்துகிறது. 2000-ல் பல நகராட்சிகளை இணைத்து எத்தெக்வினி என்ற நம் மாநகராட்சி வந்தபோது துறைகளெல்லாம் கலைந்து மாறின, 2020-க்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை வந்தது, இனியும் மாறும். 12, 13 மீட்டர் அகலத்தில் எந்த இடத்தில் தடுப்புச் சுவர் வைத்தாலும் அந்த அறைக்கு ஒரு ஜன்னல் கிடைக்கும். கண்ணாடிப் பெட்டியில் நடுவே மாட்டிக்கொண்ட அறைக்கு அது கிடையாது. தடுப்பு கழற்றி மாட்டக்கூடியதாக இருக்கட்டும், குழாயும் ஒயரும் சுவருக்குள் புதையாமல் கைக்கெட்டும் இடத்தில் ஓடட்டும்.

தண்ணீரையும் வரைபடத்திலேயே சேர்க்க வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, டர்பனுக்கு வடக்கே இருக்கும் டொங்காட் மக்கள் பல மாதம் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள். டர்பனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை. 1,000 சதுர மீட்டர் கூரையில் அது கணக்குக்கு 10 லட்சம் லிட்டர். பாதியைப் பிடித்தாலும் கழிவறைக்கு ஆகும். சோலாருக்குக் கூரையைச் சாய்க்கும்போதே தொட்டிக்கும் இடம் விட்டால் தனிச் செலவு அதிகமில்லை, கட்டி முடித்தபின் செய்யப்போனால் இடிக்க வேண்டிவரும்.