ரெய்டு 0-இல் ஒரு டிஸ்க் மட்டும் மக்கர் செய்தால்: ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ எப்படி?

பெட்டி கிடையாது, விலை கிடையாது, பளபளப்பான திரையும் கிடையாது. டெர்மினலில் கட்டளை அடித்துத்தான் ஓட்ட வேண்டும். ஆனாலும் சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டேட்டா எடுக்க என்ன வழி என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இந்த இலவச மென்பொருளைத்தான். அண்மையில் ஒரு ரெய்டு 0 தொகுப்பில் (டேட்டாவைத் துண்டு துண்டாகப் பல டிஸ்க்குகளில் பிரித்து எழுதி, எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்காகக் காட்டும் முறை, நகல் எதுவும் வைக்காது) இதை ஓட்டிப் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பருடைய லினக்ஸ் கணினி அது. வேகத்துக்காக இரண்டு 4 டிபி டிஸ்க்குகளை எம்டிஅட்ம் என்ற லினக்ஸ் ரெய்டு கருவியை வைத்து ரெய்டு 0-ஆகச் சேர்த்திருந்தார். சில ஃபோல்டர்களைத் திறந்தால் மட்டும் எல்லாம் அப்படியே உறைந்துவிடும், அரை நிமிடம் கழித்து உயிர் வரும், இல்லையென்றால் படிக்க முடியவில்லை என்று பிழை காட்டும். அந்த அரை நிமிடம் தற்செயல் இல்லை: லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒரு டிஸ்க்கின் பதிலுக்காக வழக்கமாக 30 வினாடிதான் காத்திருக்கும், ஆனால் சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டரோடு (டிஸ்க்கில் டேட்டா எழுதப்படும் சின்னஞ்சிறு கட்டம்) அதைவிட அதிக நேரம் மல்லுக்கட்டும், அதற்குள் கெர்னல் பொறுமையிழந்து இணைப்பையே ரீசெட் செய்துவிடும்.

நகலோ உபரித் தகவலோ வைத்திருக்கும் ரெய்டு 1, 5 என்றால் கெட்ட டிஸ்க்கை ஒதுக்கிவிட்டு மீதியை வைத்துச் சமாளிக்கும். ரெய்டு 0-இல் ஒதுக்குவதற்கு வழியே இல்லை. அதனால்தான் எம்டிஅட்மிடம் நிலவரம் கேட்டால் ‘எல்லாம் நலம்’ என்று கூசாமல் சொல்கிறது. கெட்டது எந்த டிஸ்க் என்று கண்டுபிடிக்க ஸ்மார்ட்சிடிஎல் வேண்டும், டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் ‘ஸ்மார்ட்’ கணக்கைக் காட்டும் கட்டளை அது. அதிலும் மேலே வரும் ‘பாஸ்டு’ (தேறியது) என்ற வரியை நம்பவே நம்பாதீர்கள், கீழே உள்ள பட்டியலைப் பாருங்கள். 5-ஆம் எண் என்பது இடம் மாற்றப்பட்ட செக்டர்கள், 197 என்பது படிக்க முடியாமல் தொங்கலில் நிற்கும் செக்டர்கள். நண்பரின் ஒரு டிஸ்க்கில் 197 ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஏறிக்கொண்டே இருந்தது. டேட்டா கடத்தும்போது வரும் பிழைகளை எண்ணும் 199 மட்டும் ஏறினால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் குற்றவாளி. பட்டியல் சுத்தமாக இருந்தால் டிஸ்க் நலம் என்றும் அர்த்தமில்லை. கூகுள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், செத்துப்போன டிஸ்க்குகளில் 56% முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை.

சரி, டிடிரெஸ்க்யூவுக்கு வருவோம். நிறைய பேர் ரெய்டு தொகுப்பையே அப்படியே காப்பி எடுக்கப் பார்க்கிறார்கள். வேண்டாம். தொகுப்பை நிறுத்திவிட்டு, கெட்ட டிஸ்க் ஒன்றை மட்டும் புது டிஸ்க்குக்குக் குளோன் (அச்சு அசல் நகல்) செய்தால் போதும். நல்ல டிஸ்க்கை எதற்குச் சிரமப்படுத்த வேண்டும்? ரெய்டு பற்றிய குறிப்பும் டிஸ்க்கிலேயே எழுதியிருப்பதால், குளோன் தன்னை அசல் என்றே நினைத்துக்கொண்டு தொகுப்பில் சேர்ந்துவிடும். புது டிஸ்க் பழையதைவிட ஒரு செக்டர்கூடக் குறையக் கூடாது, அது மட்டும் முக்கியம்.

இதன் சாமர்த்தியம் படிக்கும் வரிசையில் இருக்கிறது. பரீட்சையில் தெரிந்த கேள்விகளை முதலில் எழுதிவிட்டுக் கஷ்டமானதைக் கடைசிக்கு வைப்போமே, அதேதான். பிழை வந்த இடத்தில் நின்று சண்டை போடாமல் தாண்டிப் போய் நல்ல பகுதியை எல்லாம் அள்ளிக்கொள்ளும், பிறகு விட்ட இடங்களின் ஓரங்களைச் செதுக்கும், அதற்கும் பிறகுதான் செக்டர் செக்டராகச் சுரண்டும். முதல் ஓட்டத்தில் அந்தச் சுரண்டலை நிறுத்தி வைத்து ஓட்டுங்கள், டிஸ்க் உயிரோடு இருக்கும்போதே பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். மறு ஓட்டத்தில் பின்னாலிருந்து முன்னால் படிக்கச் சொன்னால், முதலில் முரண்டு பிடித்த சில செக்டர்களும் மனம் மாறும்.

திரையில் மீட்ட அளவு, கெட்ட பகுதிகளின் எண்ணிக்கை, கடைசியாக வெற்றிகரமாகப் படித்து எவ்வளவு நேரமாயிற்று என்பதெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். நான் அந்தக் கடைசி எண்ணைத்தான் பார்ப்பேன், அது ஏறிக்கொண்டே போனால் வயிற்றைக் கலக்கும். மேப்ஃபைல் என்ற சின்ன உரைக் கோப்பில் எது கிடைத்தது, எது பாக்கி என்று எழுதி வைத்துக்கொள்வதால் கரண்ட் போனாலும் கவலையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரும். அதை மூன்றாவது ஒரு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ வையுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கெட்ட இடங்களை நிரப்பும் வசதி. கிடைக்காத செக்டர்களில் மட்டும் நாம் சொல்லும் ஒரு சொல்லைக் குளோனில் எழுதச் சொல்லலாம். அப்புறம் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு (இரண்டும் ஒரே அடையாளத்தோடு இருப்பதால் சேர்ந்து மாட்டினால் குழப்பம்), தொகுப்பைப் படிக்க மட்டும் திறந்து கிரெப் என்ற தேடும் கட்டளையை வைத்து அந்தச் சொல்லைத் தேடினால், எந்தெந்தக் கோப்பு அடிபட்டது என்று பெயரோடு வந்துவிடும். நண்பருக்கு அடிபட்டது விரல்விட்டு எண்ணும் அளவு கிளிப்கள்தான். ஒன்றில் தாலி கட்டி முடித்து அட்சதை விழும் இடத்தில் கண நேரம் பச்சைக் கட்டங்கள், மற்றபடி ஓடுகிறது. எம்டிஅட்ம் வழக்கமாக 512 கேபி துண்டுகளாக மாற்றி மாற்றி எழுதும் என்பதால், அந்த டிஸ்க் முழுக்கப் போயிருந்தால் ஒரு கிளிப்கூட முழுசாகத் தேறியிருக்காது.

குறைகளும் உண்டு. பெயரே தலைவலி: டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் நிறுவ வேண்டிய பொதியின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ, கட்டளையின் பெயர் டிடிரெஸ்க்யூ, நடுவில் அடிக்கோடு போட்ட அதே பெயரில் இன்னொருவர் எழுதிய வேறு நிரலும் இருக்கிறது. மூலம் முதலில், இலக்கு அடுத்து, மேப்ஃபைல் கடைசியில். இந்த வரிசை மாறினால் வெற்று டிஸ்க்கை உங்கள் டேட்டா மேல் எழுதிவிடும். டிஸ்க் மேல் எழுத ‘ஃபோர்ஸ்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும் என்பது பாதுகாப்புதான், ஆனால் குளோன் எடுக்க எப்படியும் அதைப் போட்டே ஆக வேண்டும் என்பதால் கை தானாக அடித்துவிடுகிறது. டிஸ்க்குகளின் சீரியல் எண்ணைப் பார்த்துக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது.

டிஸ்க் ‘டக் டக்’ என்று தட்டினால் இதைத் தொடவே தொடாதீர்கள், மின்சாரத்தை நிறுத்திவிட்டு டேட்டா ரெக்கவரி கடைக்குப் போங்கள். நாங்கள் விசாரித்த ஒரு கடையில் ‘ரெய்டு’ என்ற சொல் காதில் விழுந்ததுமே தொகையை ஏற்றிச் சொன்னார்கள், அது வேறு கதை. தட்டல் இல்லாமல் வெறும் செக்டர் பிரச்சினை என்றால் இது போதும், ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். குறைத்த அரை அந்தப் பெயர்க் குழப்பத்துக்காக.