ஒரு குடும்பத்துக்கு ஒரு உரிமையாளர்தானாம்: எட்டு மாதம் பயன்படுத்திய செயலி

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். ஒன்று, பில் கட்டும் நாளைத் தவறாமல் நினைவூட்டியதற்கு. இன்னொன்று, ரசீதைப் படம் பிடித்தால் தொகையையும் தேதியையும் தானே எடுத்துக்கொள்வதற்கு. மங்கலான ரசீதைக்கூடப் படித்துவிடுகிறது. போன மூன்று நட்சத்திரத்தில் செயலியின் தப்பு எவ்வளவு, என் தப்பு எவ்வளவு என்று பிரிப்பதுதான் கஷ்டம். பெயரைப் போடவில்லை. குடும்ப வரவு செலவுக்கென்று எந்தச் செயலியை இறக்கினாலும் நான் சொல்லும் இடங்களை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நாலு பேர்: நான், மனைவி, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகன். நானும் மனைவியும் சம்பாதிக்கிறோம், இரண்டு சம்பளமும் ஒரே கூட்டுக் கணக்கில் விழுகிறது. செயலியை முதலில் யார் நிறுவுகிறாரோ அவர் ‘உரிமையாளர்’, மற்றவர்கள் ‘உறுப்பினர்’. ஆளுக்கொரு கார்டு வரும். உறுப்பினர் கார்டுக்கு உரிமையாளர் ஒரு வரம்பு வைக்கலாம். அதற்கு மேல் வாங்க வேண்டுமென்றால் ‘ஒப்புதல் கேள்’ என்ற பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். உரிமையாளர் போனில் பச்சையும் சிவப்புமாக இரண்டு வட்டம் வரும். இனி வீட்டுச் செலவெல்லாம் இந்தக் கார்டில்தான் என்று முடிவு செய்தோம். செய்தோம் என்று எழுதுகிறேன், செய்தது நான். வரம்பு வைத்த அன்று மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். “இவ்வளவு வெச்சா போதும்ல?” என்றேன். “ம்” என்றாள். அதைச் சம்மதக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

முதல் இரண்டு மாதம் எனக்குப் பிரமாதமாக இருந்தது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கோரிக்கை வரும்போது ஒரு சின்ன மணிச் சத்தம் வரும். அலுவலகத்தில் என் பேச்சை யாரும் காதில் வாங்காத நாளில்கூட, அந்தப் பச்சை வட்டத்தை அழுத்தும்போது ஒரு தெம்பு வரும். எப்படியும் ஒப்புதல் கொடுக்கத்தானே போகிறேன், இதில் என்ன தப்பு என்று நினைத்தேன். சிவப்பை அழுத்தியது மொத்தம் நாலே தடவைதான். அதையே என் பெருந்தன்மைக்குச் சான்றாக வைத்திருந்தேன்.

மூன்றாம் மாதம் செருப்பு விவகாரம். பழைய செருப்பின் வார் அறுந்து, கடைக்குப் போயிருக்கிறாள். பிடித்ததைப் போட்டுப் பார்த்து, கவுன்ட்டரில் வைத்து, பில்லும் போட்டாயிற்று. வரம்புக்குக் கொஞ்சம் மேலே. பொத்தானை அழுத்தினாள். நான் கூட்டத்தில், போன் மௌனத்தில். கோரிக்கை வந்தது 5.12, நான் பார்த்தது 5.54. பார்த்த உடனே பச்சையை அழுத்திவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். ராத்திரி வாசலில் அதே பழைய செருப்பு, வாரில் ஊக்கு குத்திக் கிடந்தது. வாங்கவில்லையா என்று கேட்டேன். “பின்னாடி நாலு பேர் நின்னாங்க. கடைக்காரர் ரெண்டு தடவை என் மூஞ்சியப் பாத்தார். திருப்பி வெச்சிட்டு வந்துட்டேன்” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்தக் கணக்கில் பாதி அவளுடைய சம்பளம்.

அப்போதே விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை. அடுத்த மாதம் ஒரே கடையில் மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு பில்கள் பதிவாகியிருந்தன, இரண்டுமே வரம்புக்குச் சற்றுக் கீழே. ஒரே சாமானைப் பிரித்துப் பில் போட்டிருக்கிறாள். எனக்குத் திருடனைப் பிடித்த சந்தோஷம். சாப்பாட்டு மேஜையில் மகன் முன்னாலேயே போனை நீட்டி, “இது என்ன?” என்று கேட்டேன். அவள் பார்த்துவிட்டு, “போன வாரம் கேட்டேன், நீங்க பாக்கல” என்றாள். தேடினால் உண்மைதான். பார்க்கப்படாத கோரிக்கை 24 மணி நேரத்தில் தானாகவே காலாவதியாகிவிடுகிறது. உரிமையாளருக்கு அதைப் பற்றி ஓர் அறிவிப்புகூட வருவதில்லை. சிவப்பை அழுத்தாமலேயே மறுக்கும் வசதி. நான் மறுத்தது நாலு தடவை இல்லை போலிருக்கிறது.

அம்மா கதை வேறு. அம்மாவுக்கும் உறுப்பினர் கார்டு உண்டு, தொட்டதே இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் நேராக என்னைக் கூப்பிட்டு, “டேய், அதை வாங்கிட்டு வந்துடு” என்பாள். வாங்கிவிடுவேன். “அத்தைக்கு மட்டும் பொத்தான் கிடையாதா?” என்று மனைவி ஒருநாள் கேட்டாள். பதில் இல்லை. எங்கள் வீட்டில் உரிமையாளருக்கும் மேலே ஒரு பதவி இருந்தது. செயலியில் அதற்குப் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

ஆண்டுச் சந்தா முடிய நாலு மாதம் இருக்கும்போது பதிவுகளை எக்செல்லாக இறக்கினேன். ஒப்புதல் கோரிக்கைகள் 73. மனைவி 58, மகன் 15, அம்மா சுழியம், நான் சுழியம். அதே கோப்பில் இன்னொரு பத்தி, ‘பதிந்தவர்’. ரசீது ஏற்றியது, பில் தேதி போட்டது, கட்டியதும் டிக் அடித்தது என்று மொத்தப் பதிவுகளில் முக்கால்வாசிக்கு மேல் மனைவி பெயர்.

பிரிட்டனில் தம்பதிகளின் பணப் பழக்கத்தை 1980களில் ஆராய்ந்த ஜான் பாஹ்ல் என்ற பெண் சமூகவியலாளர், பணத்தை நிர்வகிப்பது வேறு, கட்டுப்படுத்துவது வேறு என்று பிரித்துக் காட்டியிருக்கிறார். எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது கட்டுப்பாடு. இருப்பதை வைத்து மாதத்தை ஓட்டுவது நிர்வாகம். பற்றாக்குறை வீடுகளில் நிர்வாகம் பெரும்பாலும் மனைவி தலையில்தான் விழுந்தது, அங்கே அது அதிகாரம் அல்ல, பாரம். என் எக்செல்லில் அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியாக நின்றன. ஒப்புதல் கொடுத்ததில் என் பெயர், பதிந்ததில் அவள் பெயர்.

செருப்பு நினைவு போகாததாலோ என்னவோ, இன்னொரு ஆய்வும் மனதில் ஒட்டிக்கொண்டது. 1970களின் கடைசியில் பிரிட்டனில், குழந்தைகளுக்கான சலுகையின் பெரும்பகுதி அப்பாவின் சம்பளத்தில் வரிக் கழிவாக வந்துகொண்டிருந்ததை மாற்றி, அம்மா கையில் பணமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்த மாற்றத்தை வைத்து 1997இல் வெளியான பொருளாதார ஆய்வு ஒன்று, ஆண்கள் உடையோடு ஒப்பிட்டால் பெண்கள், குழந்தைகள் உடைகளுக்கான செலவு கூடியதைக் காட்டியது. எல்லாம் ஒரே குடும்பப் பணம்தானே என்று நானும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். யார் கையில் விழுகிறது என்பதைப் பொறுத்து அது வேறு பணமாகிவிடுகிறது.

பிரான்ஸில் கணவன் சம்மதம் இல்லாமல் மனைவி தன் பெயரில் வங்கிக் கணக்கு திறக்க வழி பிறந்தது 1965 சட்டத்தில். அப்படி எடுத்தெறிந்த கணவன் கையெழுத்தைத்தான் நான் சந்தா கட்டி, பச்சை வட்டமாக வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தேன்.

எங்கள் வீட்டில் அடி இல்லை, மிரட்டல் இல்லை. சிவப்பு வட்டத்தோடு போனது. ஆனால் பணத்தை வைத்து ஒருவரை நெருக்குவதைச் சட்டங்களே வன்முறை என்கின்றன. இந்தியாவின் 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பொருளாதார வன்கொடுமை இருக்கிறது. இங்கிலாந்திலும் 2021 சட்டம் அதைக் குடும்ப வன்முறையின் விளக்கத்தில் சேர்த்தது. அப்படி நெருக்கும் ஆள் கையில் இந்தச் செயலி கிடைத்தால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்த்தேன்.

மகன் சம்மதத்தோடு அவனை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கினேன். இரண்டு தட்டு, ஒரு ‘ஆம்’. அவன் போனில் அவனுடைய பழைய பதிவுகள் அத்தனையும் அந்த நிமிடமே போய்விட்டன. என் போனில் அப்படியே இருந்தன. உறுப்பினர் தன் கணக்கைத் தானே இறக்கி வைத்துக்கொள்ளவும் வழியில்லை. பிரிய நினைக்கும் ஒருவர், இந்த வீட்டுக்கு நானும் இவ்வளவு போட்டேன் என்று காட்ட ஒரு தாள் மிஞ்சாது. அப்புறம், ஒவ்வொரு செலவோடும் எந்த இடத்தில் நடந்தது என்பது வரைபடமாக உரிமையாளருக்கு வருகிறது. உறுப்பினரால் அதை நிறுத்த முடியாது. இது தெரிந்தும் எட்டு மாதம் நான் அதைச் சௌகரியம் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு பேரை உரிமையாளர் ஆக்க முடியுமா என்று வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில்: “பாதுகாப்புக் காரணங்களுக்காக ஒரு குடும்பத்திற்கு ஒரு உரிமையாளர் மட்டுமே.” யாருடைய பாதுகாப்பு என்று திருப்பிக் கேட்டேன். எங்கள் சேவைக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று ஒரு படிவம் வந்தது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், நிறுவுவதற்கு முன் ‘உறுப்பினர்’ ஆகப்போகிறவர் கையில் போனைக் கொடுத்து அவரை எல்லாப் பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். வரம்பு வைத்தால் உரிமையாளருக்கும் அதே வரம்பு இருக்க வேண்டும். இதில் அந்த வசதியே இல்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன். மாணவர்கள் சேர்ந்து வாடகை வீட்டில் இருந்தால் ரசீது ஏற்றும் பகுதியை மட்டும் பயன்படுத்தலாம், அதற்கு நன்றாகவே இருக்கிறது.

உரிமையாளர் பதவியை மாற்றிக் கொடுக்க மட்டும் வழி உண்டு. மனைவிக்கு அழைப்பு அனுப்பினேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. ஏழு நாள் அவள் அதைத் திறக்கவே இல்லை, அழைப்பு காலாவதியாகிவிட்டது. ஏன் என்று கேட்டேன். “எனக்கு எதுக்குங்க இன்னொரு வேலை?” என்றாள்.

கார்டுகளை மூடிவிட்டோம். இப்போது ஒரு சாதாரண எக்செல் தாள், இரண்டு பேரும் திருத்தலாம். ஆளுக்கொரு தொகை கேள்வி கேட்பாரற்றது, பெரிய செலவென்றால் பேசிக்கொள்வது. தாளை நிரப்புவது வாரம் மாற்றி வாரம். என் வாரத்தில் இரண்டு பில் விட்டுப்போய் அபராதம் கட்டினோம்.

இதை எழுதும்போதுதான் ஒன்று கவனித்தேன். கூட்டுக் கணக்கின் வங்கிக் குறுஞ்செய்திகள் இத்தனை வருஷமாக என் எண்ணுக்கு மட்டும்தான் வருகின்றன. அவள் எண்ணையும் சேர்க்கப் படிவம் வாங்கி வந்திருக்கிறேன். இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டுமாம்.