கடற்கரை ஊர்களுக்கான சட்ட உதவி மையம்: எது நன்றாக இருக்கிறது, எது போதவில்லை

பட்டா, முதியோர் உதவித்தொகை, குடும்பத் தகராறு, படகு விபத்து இழப்பீடு என்று எது இருந்தாலும் எங்கள் பக்கத்துச் சட்ட உதவி மையத்துக்குத் தயங்காமல் போகலாம். காசு கேட்க மாட்டார்கள். உட்கார வைத்துப் பேசுவார்கள். ஆனால் கடல், கரை, ஓடை, இறால் பண்ணை என்று வந்தால் அந்த மையம் பாதி தூரம்தான் நம்மோடு வருகிறது. மீதிப் பாதிக்கு அங்கே இருப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அரசின் சட்டத் துறை மேலே உட்கார்ந்து திட்டமிட வேண்டிய வேலை அது. அதனால் மையத்தைப் பற்றி எழுதும்போது அதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

நான் மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதுகிறவள். ராமநாதபுரம் மாவட்டத்தில் வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் தேவிபட்டினம், திருப்பாலைக்குடியிலிருந்து தொண்டி வரைக்கும், தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் பெரியபட்டினம், களிமண்குண்டு, சேதுக்கரை என்றும் எனக்குப் பழக்கமான குழுக்கள் உண்டு. கணக்கு எழுதப் போன இடத்தில் "அப்படியே இந்த மனுவையும் எழுதிக் குடு மதினி" என்பார்கள். எழுதிக் கொடுத்த மனுவுக்குப் பதில் வராவிட்டால் அவர்களைக் கூட்டிக்கொண்டு மையத்துக்குப் போவதும் என் வேலையாகிவிட்டது.

மையம் என்பது ஒரே ஒரு அறை. மேசை, நாற்காலிகள், ஒரு இரும்பு பீரோ. குறிப்பிட்ட நாட்களில் வழக்கறிஞர் வருவார், மற்ற நாட்களில் சட்டத் தன்னார்வலர்கள் இருப்பார்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச உதவி உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், குழந்தைகள், மாற்றுத் திறனாளிகள், தொழிலாளர்கள், புயல் வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், இவர்களுக்கும் அப்படித்தான். இது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. வேறு ஒரு அலுவலகத்தில் என்னோடு வந்த விதவைப் பெண்ணிடம் வருமானச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மையத்துத் தன்னார்வலர் அவரிடம், "உங்களுக்கு அது தேவையே இல்லக்கா, பேரை மட்டும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உடனே எழுத ஆரம்பித்தார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர்களை எனக்குப் பிடித்துப் போனது.

இன்னொரு விஷயத்தையும் மனதாரச் சொல்ல வேண்டும். தென்கடல் பக்கத்தில் கடற்பாசி எடுத்துப் பிழைக்கும் பாசிக்காரப் பெண்கள் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித்தான் அதிகம் கடலுக்குப் போவார்கள். அப்போதுதான் தண்ணீர் நன்றாக வற்றும். விரலில் துணிச்சுற்று, கண்ணாடி, இடுப்பில் வலைப்பை என்று கிளம்பினால் நாள் முழுக்கத் தண்ணீரில்தான். வழக்கறிஞர் வரும் நாள் அந்த நாட்களில் விழுந்தால் ஒருவரும் வர முடியாது. மூத்த அம்மா ஒருவர் இதை நேராகவே சொன்னார்: "வக்கீலம்மா, நீங்க வர்ற அன்னைக்கு நாங்க கடல்ல கெடக்கோம். எங்களுக்கு வேற நாள் குடுங்க." அந்த வழக்கறிஞர் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைக் கழற்றி மேசையில் விரித்தார். "எந்தெந்த நாள் வேண்டாம்னு நீங்களே வட்டம் போடுங்கம்மா" என்று பேனாவையும் நீட்டினார். பெண்கள் ஆளுக்கு ஒன்றாக நிலா போட்ட கட்டங்களைச் சுற்றி வட்டம் போட்டார்கள். அதற்கப்புறம் தென்கடல் ஊர்களுக்கு மிஞ்சிய நாட்களில்தான் முறை வைத்திருக்கிறார்கள். வரிசையும் குறைந்துவிட்டது. இதற்கு அரசுக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

குறை என்று பார்த்தால் சின்னதாகச் சில உண்டு. கைரேகை இயந்திரம் பாசிக்காரப் பெண்களின் விரலை எடுப்பதில்லை. பாறையில் உரசி உரசி ரேகை தேய்ந்திருக்கிறது. மழைக்காலத்தில் மின்சாரம் போனால் நகல் எடுக்க முடியாமல் கடைத்தெருவுக்கு ஓட வேண்டும். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது இறால் பண்ணை விவகாரத்தில் நடந்தது. வடகடல் பக்கம் ஒரு பண்ணையிலிருந்து கழிவு நீரை ஊர் ஓடையில் திறந்துவிட்டார்கள். ஓடை ஓரத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கத் தொடங்கியது. நாங்கள் ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தால் இது மீன்வளம் என்றார்கள், அங்கே போனால் வருவாய் என்றார்கள், அப்புறம் மாசுக் கட்டுப்பாடு என்றார்கள். பண்ணையின் பதிவுச் சான்று நகல் கைக்கு வருவதற்குள் பருவமே மாறிவிட்டது. மையத்தில் இருந்தவர்கள் நல்லபடியாகவே உதவினார்கள், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று வழியும் சொன்னார்கள். சொன்ன கையோடு தேதியைக் கேட்டார்கள். தீர்ப்பாயச் சட்டப்படி பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். ஒரு திட்டத்துக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் வெறும் 30 நாள், அதற்கும் தக்க காரணம் இருந்தால்தான் நீட்டிப்பு. எந்தத் துறை என்று தேடுவதிலேயே எங்கள் மாதங்கள் கரைந்துபோயிருந்தன. இழப்பீடு கேட்பதற்கு 5 ஆண்டு அவகாசம் இருக்கிறது என்பதால் இப்போது அந்த வழியில் முயல்கிறோம். கிணறு இன்னும் உப்பாகத்தான் இருக்கிறது.

இந்த விஷயத்தில் நம் மாநிலத்துக்கு ஒரு பெருமை உண்டு. நீடித்த வளர்ச்சி என்பது வெறும் பேச்சில்லை, நாட்டின் சட்டத்திலேயே ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் சொன்னது பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலை வழக்கில்தான். மாசு செய்தவரே செலவைக் கட்ட வேண்டும், கேடு வரும் என்று தெரிந்தால் முழு ஆதாரம் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதெல்லாம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கட்டுமானத்துக்கும் தொழிலுக்கும் கட்டுப்பாடு உள்ள கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருக்கும் வணிக இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது. பாரம்பரிய முறை, மேம்படுத்திய பாரம்பரிய முறைப் பண்ணைகளுக்கு மட்டும் விலக்கு. பின்னர் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து பதிவு பெற்றுத் தொழில் செய்ய வழி திறந்தது, 2023இல் அதற்கும் திருத்தம் வந்தது. 2010ஆம் ஆண்டின் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, தீர்ப்பு சொல்லும்போது நீடித்த வளர்ச்சிக் கொள்கையைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்கிறது. இத்தனையும் எழுத்தில் இருக்கிறது. இதையெல்லாம் ஓடை ஓரத்தில் நிற்கிற ஒரு பெண்ணுக்கு யார் எடுத்துச் சொல்வது?

மையத்தில் ஒருநாள் கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதி அறிவிக்கையின்படி மீனவர்களின் பொது இடங்கள், மீன் காயவைக்கும் தளம், படகுத்துறை எல்லாவற்றையும் சர்வே எண் தெரிகிற உள்ளூர் வரைபடத்தில் குறிக்க வேண்டும். மீனவ ஊர்கள் பெருகும்போது வீடு கட்ட இடம் எது என்று நீண்டகாலத் திட்டமும் போட வேண்டும். பெண்கள் வரைபடத்தைச் சுற்றி நின்று தங்கள் ஊரைத் தேடினார்கள். ஊர்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருந்ததால் அவர்களால் படிக்க முடியவில்லை. ஒருவர் கடற்கரைக் கோட்டின் வளைவைப் பார்த்து, "இந்தா, இது கோயில் பின்னாடி இருக்குற முனை" என்று விரலை வைத்தார். அங்கிருந்து விரலை நகர்த்திக்கொண்டே போய்க் கருவாடு காயப்போடும் மணல் மேட்டில் நிறுத்தினார். வரைபடத்தில் அந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. அங்கே எதுவுமே இல்லை என்றுதான் வரைபடம் சொல்கிறது. நாளைக்கு அந்த இடத்துக்கு ஒரு திட்டம் வந்தால் சட்டத்தின் கண்ணில் அது காலி மணல்தான்.

அதே விஷயத்தில் 2019இல் வந்த புது அறிவிக்கைக்குப் பின் இது இன்னும் முக்கியம். ஊரகக் கடற்கரையில் மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் என்றால் கடல் நீர் ஏறி வரும் உயர் அலைக்கோட்டிலிருந்து 50 மீட்டர்தான் கட்டடம் கூடாத பகுதி, அதற்குக் குறைவென்றால் 200 மீட்டர். ஒரு ஊர் எந்தக் கணக்கில் வருகிறது என்பதை வைத்து அதன் கரையின் தலையெழுத்தே மாறும். அதை ஊர்க்காரர்களுக்குத் தமிழில் சொல்லும் பொறுப்பு யாரிடம் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள்.

சட்டத் துறை என்றால் நமக்குத் தெரிந்தது அரசு வழக்கறிஞர். வழக்கு வந்தபின், அரசின் பக்கம் நின்று, பெரும்பாலும் நமக்கு எதிராகப் பேசுபவர். கடற்கரை மாவட்டத்துக்கு ஒரு சட்ட அலுவலர் முன்கூட்டியே இருந்தால் எவ்வளவோ மாறும் என்று எனக்குத் தோன்றுகிறது. பண்ணைக்கோ படகுத்துறைக்கோ அனுமதிக் கோப்பு நகரும்போதே ஓடை யாருடையது, மணல் மேட்டை யார் பயன்படுத்துகிறார்கள் என்று அவர் கேட்டு எழுத வேண்டும். அனுமதி கொடுத்த அன்றே தமிழில் ஒரு பக்கம் எழுதி ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும், எதிர்ப்பதற்குக் கடைசித் தேதி எது என்பதும் அதில் இருக்க வேண்டும். பொது விசாரணைக்கு 30 நாள் முன்னறிவிப்பும் உள்ளூர் மொழியில் சுருக்க அறிக்கையும் வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையே சொல்கிறது. சுருக்கம் போதாது, கழிவு நீர் எங்கே போகும் என்கிற அத்தியாயமாவது முழுசாகத் தமிழில் வர வேண்டும். 2020இல் அந்த அறிவிக்கைக்குப் பதிலாக வரவிருந்த புது வரைவை அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை நினைத்துப் பார்த்தால் இது பெரிய ஆசை இல்லை.

விழிப்புணர்வு முகாம்களை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வைக்கலாம். விசைப்படகு ஆண்கள் எல்லாரும் கரையில் இருக்கும் இரண்டு மாதம் அது. பாசிக்காரப் பெண்களில் பலர் யாரும் சொல்லாமலே அந்தக் காலத்தில் பாசி எடுப்பதை நிறுத்திக்கொள்கிறார்கள், மாதத்தில் இத்தனை நாள்தான் என்று தங்களுக்குள் வரம்பும் வைத்திருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாகி, தீவுக்கரையில் கால் வைக்கவே அவர்கள் பயப்படுகிற நிலை வந்தபின்னும் கடலைக் காக்கும் அந்த வழக்கத்தை விடவில்லை. விதி எழுதுகிறவர்கள் அந்த வரம்பை முதலில் கேட்டு எழுதிக்கொண்டால் பாதி வழக்கு வராது. காவலும் மலிவாகும்.

மையத்துக்கு ஒரு கணினியும் காணொளி விசாரணைக்குப் பழகிய வழக்கறிஞர் ஒருவரும் வேண்டும். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில், உயர் நீதிமன்றக் கிளை மதுரையில். தொண்டிப் பெண் ஒருத்தி சென்னைக்குப் போய் வர ஒரு வாரக் கூலி போய்விடும். தீர்ப்பு வந்தபின் அது நடந்ததா என்று பார்க்க ஒரு பதிவேடும் வேண்டும். எந்த உத்தரவு, எந்தத் துறை, கடைசித் தேதி எது என்று எழுதி அதை மையத்தின் மேசையில் யார் கேட்டாலும் காட்டும்படி வைக்க வேண்டும்.

இப்போதைக்கு இருக்கும் மையத்தைப் பயன்படுத்துங்கள். போகும்போது ஆதார் நகல், சர்வே எண், கழிவு வந்த நாளில் தேதியோடு எடுத்த போட்டோ, இதுவரை கொடுத்த மனுக்களின் ரசீது எல்லாம் வேண்டும். நேரில் போக முடியாவிட்டால் 15100 எண்ணில் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. அரசிடமிருந்து தபால் வந்திருந்தால் கடிதத்தோடு அந்தக் கவரையும் எடுத்துப் போங்கள். 30 நாளைக் கணக்குப் போடும்போது வக்கீல் முதலில் பார்ப்பது அதன்மேல் இருக்கும் தபால் முத்திரையைத்தான்.