கொலுப்படியில் ஒளியும் பாட்டும்: ராஸ்பெர்ரி பையில் எல்இடி ஸ்ட்ரிப்

நவராத்திரிக்கு எல்இடி ஸ்ட்ரிப்பை ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி போர்டில் ஓட்டலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். எங்கள் வீட்டுக் கொலுவில் ராஸ்பெர்ரி பை 4-உம் டபிள்யூஎஸ்2812பி வகை எல்இடி ஸ்ட்ரிப்பும் சில வருடங்களாகவே ஓடுகின்றன. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக நிறம் கொடுக்கலாம். பைத்தான் நிரல்மொழியில் சில வரிகள் எழுதினால் போதும், கீழ்ப்படியில் தொடங்கிக் கலசம் வரைக்கும் வெளிச்சம் மெல்ல ஏறும். பிரகாசத்தைக் கால்பங்குக்கும் கீழே இறக்கி, சிவப்போடு கொஞ்சம் பச்சை கலந்தால் அகல் விளக்கின் மஞ்சள் வந்துவிடும். மரப்பாச்சிகளின் முகத்தில் அது விழுவதை நேரில் பார்க்க வேண்டும்! கடையில் வாங்கும் சீரியல் செட்டில் இந்த அழகு கிடைக்காது.

எரிச்சல் ஒன்றே ஒன்றுதான்: பாட்டு. அதே போர்டின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து நாதஸ்வரம் ஒலிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் எந்த வழிகாட்டியைத் திறந்தாலும் ஸ்ட்ரிப்பின் டேட்டா வயரை போர்டின் ஜிபிஐஓ 18 என்ற பின்னில் கொடுக்கச் சொல்கிறது. அந்தப் பின்னுக்கு சிக்னல் தருவது பிடபிள்யூஎம், அதாவது சிப்புக்குள் துடிப்புகளை உண்டாக்கும் பகுதி. ஹெட்போன் ஜாக்குக்கு ஒலி தருவதும் பிடபிள்யூஎம்தான். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் விளக்குகள் கண்டபடி மினுக்கும். உடனே, ஆடியோவை அணைத்துவிடு என்கிறார்கள். ஏன் அணைக்க வேண்டும்? இரண்டும் ஒரே போர்டில் வேண்டும் என்றுதானே பையை வாங்குகிறோம்?

வழி இருக்கிறது. டேட்டா வயரை ஜிபிஐஓ 21-க்கு மாற்றினால் பிசிஎம் என்ற டிஜிட்டல் ஒலிப் பகுதி வழியாக சிக்னல் போகும், ஹெட்போன் ஜாக் தப்பிக்கும். அதே பகுதியைப் பயன்படுத்தும் ஐ2எஸ் ஒலி அட்டையைப் பின்களில் மாட்டியிருப்பவர்களுக்கு மட்டும் இது ஆகாது. ஜிபிஐஓ 10-இல் எஸ்பிஐ என்ற இன்னொரு தகவல் வழியும் உண்டு, ஆனால் பை 4-இல் சிப்பின் கோர் வேகத்தை 500 மெகாஹெர்ட்ஸில் நிலையாகப் பூட்ட வேண்டும்.

போர்டைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்ட்ரிப்புக்கு ஒரு பிட் தகவல் அனுப்பும் நேரம் 1.25 மைக்ரோவினாடிதான். பல வேலைகளை மாற்றி மாற்றிப் பார்க்கும் லினக்ஸால் அந்தக் கணக்கைக் காக்க முடியாது, அதனால் விளக்கை ஓட்டும் ஆயத்த நிரலான லைப்ரரி, பிடபிள்யூஎம் போன்ற வன்பொருளைப் பிடித்துக்கொள்கிறது. இது நியாயம்தான். இதை முதல் வரியிலேயே சொல்லாத வழிகாட்டிகள் மேல்தான் எனக்குக் கோபம், இன்னும் ஆறவில்லை.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. முழு வெள்ளையில் ஒரு விளக்கு சுமார் 60 மில்லிஆம்பியர் இழுக்கும், 300 விளக்கு என்றால் 18 ஆம்பியர். தனி 5 வோல்ட் பவர் சப்ளை வையுங்கள், அதன் கிரவுண்ட் வயரைப் பையின் கிரவுண்டோடு சேருங்கள், ஸ்ட்ரிப்பின் இரண்டு முனையிலும் மின்சாரம் கொடுங்கள். இல்லாவிட்டால் கடைசிப் படி சிவந்து மங்கும். பையின் சிக்னல் 3.3 வோல்ட்தான், அதை 5 வோல்ட்டாக்க 74ஏஹெச்சிடி125 சிப் ஒன்று வேண்டும்.

சரி, இதற்காகப் புதிதாக ஒரு ராஸ்பெர்ரி பை வாங்கலாமா? வேண்டாம். புது பை 5-இல் ஹெட்போன் ஜாக்கே இல்லை. பின்களும் ஆர்பி1 என்ற தனி சிப்புக்குப் போய்விட்டதால் பழைய முறை அப்படியே ஓடாது. ஈஎஸ்பி32 என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டை வாங்கி, விளக்குகளை ஓட்டும் டபிள்யூஎல்இடி மென்பொருளை ஏற்றுங்கள், பாட்டுக்கு ப்ளூடூத் ஸ்பீக்கர் போதும். என் பை 4-ஐ மட்டும் நான் கொலுவிலிருந்து எடுப்பதாக இல்லை.